குழாய் நீரும் இல்லத்து வடிகட்டியும்

நாடோறும் நம் வாயிற் புகுவதாயினும் பாடப் புத்தகங்களிற் பெரும்பாலும் புகாத பொருளொன்றைக் குறித்து இவ்வாண்டுச் சஞ்சிகையில் எழுதத் துணிந்தோம். சென்னை போன்ற நகரங்களிற் குழாய்வழி வரும் நீரில் என்னென்ன மாசுகள் சேர்தல் கூடும், அவற்றை அகற்றுதற்கென்று இல்லந்தோறும் வாங்கப்படும் வடிகட்டிகள் எவற்றைச் செய்யவல்லன, எவற்றைச் செய்யமாட்டா என்பதே அப்பொருள். இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம். அதில் எமது குற்றமும் ஒன்றுண்டு.

1. குவளையிற் கண்ட அழுக்கு

2024-ஆம் வருடம் ஆனி மாதத்தில் ஒருநாள் மாலை, சென்னையிற் பழைய தெருவொன்றில் வசிக்கும் எம் மாணாக்கர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வேளையில் வடிகட்டி விற்பவர் ஒருவரும் அங்கு வந்தார். அவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, ஒன்றில் அவ்வீட்டுக் குழாய் நீரையும், மற்றொன்றில் தாம் கொணர்ந்த ஆர்.ஓ. நீரையும் வார்த்தார். இரும்புக்கோலும் அலுமினியக்கோலும் பொருத்திய சிறு மின்கருவி யொன்றை இரண்டிலும் ஒருங்கே அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினார். இரண்டு நிமிடங் கழிவதற்குள் குழாய் நீர் மஞ்சளாகிப் பின் பழுப்பாயிற்று. துருநிறமான திப்பிகள் மேலே மிதந்தன. அவர் கொணர்ந்த நீரோ தெளிந்தபடியே நின்றது.

"ஐயா, இந்தத் தண்ணீரையா இத்தனை நாளும் பிள்ளைக்குக் கொடுத்து வந்தேன்!" என்று அவ்வீட்டு அம்மையார் எம்மை நோக்கிக் கலங்கினர். அக்காட்சியில் ஏதோ சூதுண்டென்று எமக்குத் தோன்றியது உண்மை. ஆயினும், பிறர் இல்லத்திற் பேரம் நடக்குங்கால் இடைபுகுந்து பேசுதல் முறையன்றென்று எண்ணி வாளா இருந்துவிட்டோம். மறுநாளே ரூ. 17,000 கொடுத்து அவர்கள் ஆர்.ஓ. கருவியை வாங்கிச் சமையலறைச் சுவரிற் பொருத்திக்கொண்டனர்.

அடுத்த வாரம் எமது கல்லூரிச் சோதனைச்சாலையில் மாணாக்கர் முன்னிலையில் அதே பரிசோதனையைச் செய்து பார்த்தோம். வாலைவடித்த நீரில் இரும்புக்கோலை யிட்டு மின்சாரத்தைச் செலுத்தியபொழுது ஒரு மாறுதலும் காணவில்லை. அதே நீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைக் கரைத்து மீண்டும் செலுத்தினோம். அந்நீரும் பழுப்பாகித் திப்பி மிதந்தது. இதன் காரணம் எளிது. முற்றிலும் தூய நீர் மின்சாரத்தை நன்கு கடத்தாது. உப்புக் கரைந்த நீர் கடத்தும். மின்சாரம் ஓடுங்கால் நேர்முனையாகிய இரும்புக்கோல் சிறிது சிறிதாகக் கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடென்னும் பழுப்புப் பொருளாகி நீரிற் பிரிகின்றது. ஆகவே குவளையிற் கண்ட அழுக்கு நீரிலிருந்த அழுக்கன்று. கோலிலிருந்து வந்த துருவே. நீரில் மின்சாரத்தைக் கடத்தும் உப்புக்கள் கரைந்துள்ளன என்பதற்கு மேல் அப்பரிசோதனை வேறொன்றையும் மெய்ப்பிக்கவில்லை.

இதனை அவ்வில்லத்தார்க்கு அறிவித்தபொழுது, "போகட்டும் ஐயா, வாங்கியது வாங்கியாயிற்று, நல்ல தண்ணீர் குடித்தால் நன்மைதானே?" என்றனர். யாமும் அதனை ஒப்பி மறந்துவிட்டோம். ஐப்பசி மழைக்குப்பின் அவர்கள் மகன் மஞ்சள் காமாலையாற் படுக்கையில் வீழ்ந்தான். அதன் காரணத்தை இறுதியிற் கூறுவோம். அதனை விளங்கிக்கொள்ளுதற்கு நகரத்து நீர் வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

2. நகரத்து நீர் வரும் வழி

சென்னை நகரத்தார் முற்காலத்தில் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். 1872-ஆம் வருடத்திற் கொற்றலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் அணையாற் றடுத்து, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் செலுத்தி, திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்குக் கொணரும் ஏற்பாடு முற்றுப்பெற்றது. எனினும் அந்நீர் நெடுங்காலம் வடிகட்டப்படாமலே குழாய்களில் ஓடியது. 1914-ஆம் வருடத்திற் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிபாத்திகள் அமைந்த பின்னரே வடிகட்டிய நீர் நகரத்திற்குக் கிடைத்தது. 1944-ஆம் வருடத்திற் பூண்டி நீர்த்தேக்கம் முடிவுற்றது. பிற்காலத்திற் கிருஷ்ணா நதி நீரும், வீராணத்து ஏரி நீரும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பகற்றிய கடல் நீரும் அவற்றோடு சேர்ந்தன. ஆகவே சென்னையில் ஒரே தெருவிற்கு வரும் நீரும் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதாக இருப்பதில்லை.

மணல் வடிபாத்தி எவ்வளவு வல்லமையுடைய தென்பதற்கு ஜெர்மனி தேசத்து நிகழ்ச்சி யொன்று சான்றாகும். 1892-ஆம் வருடத்தில் ஹாம்பர்க் நகரிற் காலரா நோய் தோன்றி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரை மாய்த்தது. அதனை ஒட்டியிருந்த அல்டோனா நகரமோ பெரும்பாலும் தப்பியது. இரண்டு நகரத்தாரும் எல்பா நதியின் நீரையே பருகினர். அல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்தபின் கீழ்நோக்கி வரும் நீரையே எடுத்தது. ஆயினும் அதனை மணலிற் பொறுமையாக வடித்தே மக்களுக்கு அளித்தது. ஹாம்பர்க் வடியாமல் அளித்தது. வேறுபாடு இவ்வளவே. மணற்பாத்தியின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிந்து, வரும் கிருமிகளைப் பிடித்து உண்கின்றன. மணல் மட்டும் வடிப்பதன்று. அப்படலமே பெரிதும் வடிக்கின்றது.

இக்காலத்து நீர் நிலையங்களிற் பெரும்பாலும் நான்கு செயல்கள் நிகழ்கின்றன. படிகாரத்தைக் கலந்து கலங்கலைத் திரளச் செய்தல் முதலாவது. திரண்டதைப் படியவிடுதல் இரண்டாவது. மணலில் வடித்தல் மூன்றாவது. குளோரினைச் சேர்த்தல் நான்காவது. இந்நான்கனுள் முன் மூன்றும் நிலையத்தோடு முடிந்துபோகின்றன. குளோரின் ஒன்றே நீரோடு குழாயிற் பயணஞ் செய்து வீடுவரை காவலாக வருகின்றது. குழாய் முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டுமென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதி கூறுகின்றது. குழாய் நீரில் எழும் அம்மெல்லிய வாடையைப் பலர் வெறுக்கின்றனர்; காவற்காரன் நடமாட்டம் கேட்கின்றதென்று மகிழ்தலே தகும்.

இனி, நிலையத்தில் தூயதாயிருந்த நீர் வழியிற் கெடுதற்குக் காரணம் யாது? இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் நீர் அழுத்தத்தோடு நிறைந்திருப்பின், விரிசல் வழியே நீர் வெளியே கசியுமன்றி வெளிநீர் உள்ளே புகாது. நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில், எஞ்சிய நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கின்றது. அருகே செல்லும் சாக்கடைக் குழாய் கசிந்திருப்பின் அக்கழிவு விரிசல் வழியே உட்புகும். சிலர் தெருக்குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுகின்றனர். அவ்வுறிஞ்சுதல் கழிவையும் சேர்த்தே உறிஞ்சும். இவற்றையெல்லாங் கடந்து வந்த நீர், பின்னர் வீட்டுச் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் நாட்கணக்கிற் கிடக்கின்றது. அதற்குள் குளோரின் அகன்றுவிடும். ஆகவே பல இல்லங்களில் மாசு புகும் கடைசி வாயில் அவ்வில்லத்தாரின் சொந்த வாயிலே.

3. மாசுகளின் மூவகை

நீரிற் சேரும் மாசுகளை மூவகையாகப் பகுத்துக்கொள்வோமாயின் வடிகட்டியைத் தேர்தல் எளிதாகும்.

முதல்வகை, மிதப்பன. மண், துரு, பாசி முதலியவை இவ்வகையின. இவை கண்ணுக்குத் தெரிவன. தெளியவைத்தும் துணியில் வடித்தும் பெரும்பாலும் போக்கலாம். தம்மளவிற் பெருந்தீங்கு செய்யாவிடினும், கிருமிகள் ஒளிந்துகொள்ள இவை இடந்தந்து குளோரினை வீணாக்குகின்றன.

இரண்டாம்வகை, உயிருள்ளன. காலரா, டைபாய்டு முதலியவற்றை விளைக்கும் பாக்டீரியாக்களும், காமாலையை விளைக்கும் ஏ, ஈ என்னும் இருவகை வைரசுகளும், சீதபேதியை விளைக்கும் அமீபாக்களும் இவ்வகையின. இவை கண்ணுக்கும் தெரியா, நாவுக்கும் தெரியா. பளிங்கு போன்ற நீரிலும் இவை வாழும். நகரத்து நீரால் இன்று விளையும் நோய்களிற் பெரும்பகுதி இவ்வகையால் வருவதே.

மூன்றாம்வகை, கரைந்தன. சுண்ணாம்பு, மக்னீசியம், கறியுப்பு முதலியவை சுவையையும் சமையலையும் கெடுக்குமேயன்றி, அளவோடிருப்பின் உடலைக் கெடுப்பன அல்ல. ஆயின் புளோரைடு, ஆர்செனிக், ஈயம், நைட்ரேட் என்பன அவ்வாறல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரிற் புளோரைடு மிகுந்திருந்தமையாற் பல்லும் எலும்பும் கெட்டவர் பலர். அது காரணமாகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. வங்காளத்திலோ, குளத்து நீரின் கிருமிகளுக்கு அஞ்சி மக்கள் ஆழ்துளைக் குழாய்க் கிணறுகளை நாடினர். கிருமி நீங்கியது, ஆனால் அந்நிலத்தடி நீரில் ஆர்செனிக் உண்டென்பது 1980-களில் மேற்கு வங்காளத்தில் வெளியாயிற்று. ஒரு மாசுக்கு அஞ்சி மற்றொரு மாசின் கையிற் சிக்கியவாறு இஃதென்க.

ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதன்று, குழாயிலிருந்தே வருவது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிளிண்ட் என்னும் நகரம் 2014-ஆம் வருடத்தில் தன் நீர் ஊற்றை மாற்றியது. புதிய ஆற்று நீர் குழாயை அரிக்கும் இயல்பினது. அரிப்பைத் தடுக்கும் மருந்தை அதிகாரிகள் சேர்க்கவில்லை. பழைய ஈயக்குழாய்கள் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறிற்று. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாட்டிலும் கவனமின்மை இவ்வாறு செய்யும்.

4. எக்கருவி எதனைச் செய்யும்

இம்மூவகையையும் மனத்திற் கொண்டு, வழக்கிலுள்ள முறைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

(அ) துணி. பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடித்தல் நம் பாட்டியர் அறிந்ததே. வங்காள தேசத்துக் கிராமங்களில் இம்முறையால் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2003-ஆம் வருடத்தில் வெளியான ஆராய்ச்சி யொன்று காட்டிற்று. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய மிதவைப் பிராணிகளைப் பற்றிக்கொண்டு வாழ்தலே காரணம். எனினும் தனித்து மிதக்கும் கிருமிகளுக்குத் துணி தடையாகாது. வேறொன்றும் கிடையாதவிடத்துத் துணி உதவும். அதுவே போதுமென்றிருத்தல் கூடாது.

(ஆ) காய்ச்சுதல். நீர் நன்கு கொதித்துக் குமிழி புரண்டபின் ஒரு நிமிடம் வைத்தால், நோய்தரும் கிருமிகள் எல்லாம் மாயும். பலர் ஆவி எழுந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுகின்றனர், அது போதாது. உப்புக்களையும் ஆர்செனிக்கையும் காய்ச்சுதல் அகற்றாது. நீர் வற்றுந்தோறும் அவை சற்றே செறியும். காய்ச்சிய நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, பிடியுள்ள அகப்பையால் முகத்தல் வேண்டும். கையிட்டு முகந்தால் காய்ச்சியது வீண்.

(இ) பீங்கான் கேண்டில். இதன் துளைகள் மிக நுண்ணியவாதலின் மண்ணையும் பாக்டீரியாவையும் தடுக்கும். வைரசுகள் அவற்றினும் சிறியனவாதலின் நுழைந்து செல்லும். கரைந்த உப்பை இது தொடாது. வாரந்தோறும் தேய்த்துக் கழுவவேண்டும். விரிசல் கண்டவுடன் மாற்றவேண்டும்.

(ஈ) கரி. செறிவூட்டப்பட்ட கரியானது குளோரினையும் கெட்ட வாடையையும் பல பூச்சிமருந்துகளையும் தன்மேற் பற்றிக்கொள்ளும். உப்பையும் கிருமியையும் அகற்றாது. காவலாக வந்த குளோரினை நீக்கிவிடுதலின், காலத்தில் மாற்றப்படாத கரியில் கிருமிகள் குடியேறவுங்கூடும். ஆகவே கரி பிற முறைகளோடு கூடியே நன்மை தரும்.

(உ) யு.வி. எனப்படும் புறஊதாக் கதிர். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள இவ்வொளி கிருமிகளின் உயிர்க்கருவைச் சிதைத்து அவை பெருகாவாறு செய்யும். நீர் தெளிவாயிருந்தாலன்றி ஒளி ஊடுருவாது. மின்சாரம் இன்றியமையாதது. விளக்கை விட்டு நீர் அகன்றபின் காவல் ஒன்றுமில்லை. உப்பை இது தொடாது.

(ஊ) யு.எஃப். எனப்படும் நுண்சவ்வு. பாக்டீரியாவையும், பெரும்பாலான வைரசுகளையும் இது தடுக்கும். பல கருவிகள் மின்சாரமின்றியே இயங்கும். கரைந்த உப்பை இதுவும் அகற்றாது.

(எ) ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு முறை. நீரை அழுத்தத்தோடு மிக நெருங்கிய சவ்வின் ஊடே செலுத்துவதால் உப்பு, புளோரைடு, ஆர்செனிக், ஈயம் ஆகிய கரைந்த மாசுகளையும் இது பெரும்பாலும் நீக்கும். பிற கருவிகள் செய்யாததை இது செய்யும். ஆயின் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றும். உடலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே அகற்றும். சவ்வு பழுதடைந்தாலும், வடித்த நீர் தங்கும் சிறுதொட்டி அழுக்கடைந்தாலும், கருவியின் விலை எவ்வளவாயினும் பயனில்லை.

5. டி.டி.எஸ். என்னும் எண்

விற்பவர் கையிலே பேனா போன்ற ஒரு சிறு கருவியுண்டு. நீரில் அமிழ்த்தினால் ஓர் எண்ணைக் காட்டும். அதுவே டி.டி.எஸ்., அஃதாவது கரைந்த பொருள்களின் மொத்த அளவு. குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்றென்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 2,000 வரையிற் பொறுக்கலாமென்றும் 2012-ஆம் வருடத்து ஐ.எஸ். 10500 விதி கூறுகின்றது. எண் குறையக் குறைய நீர் உயர்ந்ததென்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு விதியில் யாண்டுங் கூறப்படவில்லை.

அக்கருவி உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துந் திறனையே. கிருமியை அஃதறியாது. சாக்கடை கலந்து டைபாய்டு மலிந்த நீரும் 300 என்று காட்டும். நல்ல ஊற்றுநீரும் 300 என்று காட்டும். ஈயத்தையும் அஃதறியாது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதனினும் ஐம்பது மடங்கு மிகுந்து 0.5 மில்லிகிராம் இருப்பினும், ஒவ்வோர் எண்ணாக ஏறும் அக்கருவியிற் குறிப்பிடத்தக்க மாறுதல் தோன்றாது. ஆகவே டி.டி.எஸ். எண் ஒரே ஒரு கேள்விக்கே விடை தரும்: உப்பை அகற்ற ஆர்.ஓ. வேண்டுமா, வேண்டாவா என்பதே அது. உப்பு 500-க்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யும் விதியை வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ஆம் வருடத்திற் பணித்ததும், வீணாகும் நீரைக் கருதியே.

6. தேரும் முறை

வடிகட்டியை வாங்க விரும்புவோர் கீழ்க்காணும் ஒழுங்கைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது, நீர் எங்கிருந்து வருகின்றதென்று கேளுங்கள். நகரக் குழாய் நீரா, லாரி நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, அல்லது இவையனைத்தும் ஒரே சம்ப்பிற் கலந்த நீரா? ஏரி நீருக்குத் தக்க கருவி கடலோரத்து உவர்க்கிணற்றுக்குத் தகாது.

இரண்டாவது, சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்கள் குறைந்த கட்டணத்தில் நீரை ஆராய்ந்து தருகின்றன. புளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கிருமி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெறுங்கள். இல்லத்திலேயே செய்தற்கும் எளிய சோதனைகள் உண்டு. குளோரின் சோதனை மாத்திரையை இட்டால், குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாகும். எச்.டூ.எஸ். எனப்படும் சிறு குப்பியில் நீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் பெரும்பாலும் கறுத்துவிடும்.

மூன்றாவது, பழுது பாருங்கள். கருவி வாங்குமுன் சம்ப்பின் மூடியையும் சுவரையும் ஆராயுங்கள். சாக்கடைக் குழி அதற்கு எவ்வளவு அணித்தென்று பாருங்கள். சில மாதங்களுக் கொருமுறை தொட்டியைக் கழுவுங்கள். கழுவியபின் 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியிற் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, மாசுக்கேற்ற கருவியைக் கொள்ளுங்கள். உப்புக் குறைந்து கிருமியச்சம் மட்டும் உள்ள நகர நீருக்கு யு.எஃப். அல்லது யு.வி. போதும், காய்ச்சுதலும் போதும். வாடை மிகுந்தால் கரியும் சேர்ந்திருக்கட்டும். உப்பு மிகுந்தோ, புளோரைடு முதலிய நச்சுப்பொருள் உண்டென்று சோதனை காட்டியோ இருப்பின் ஆர்.ஓ. தக்கதே, அதன் கழிவுநீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, கருவியின் விலையை மட்டும் கேளாமல், ஆண்டுதோறும் மாற்றவேண்டிய உறுப்புக்களின் விலையையும் கேளுங்கள். பேணமுடியாத உயர்ந்த கருவியினும் பேணக்கூடிய எளிய கருவியே சிறந்தது.

7. காரணம்

இனி எம் மாணாக்கரின் இல்லத்துக்கு மீள்வோம். அவனைப் பற்றியது ஏ-வகைக் காமாலையென்று வைத்தியர் கூறினர். அந்நோய் மலக்கலப்புற்ற நீராலும் உணவாலும் பரவுவது. வைரசு உடலிற் புகுந்து ஏறக்குறைய நான்கு வாரங் கழித்தே வெளிப்படுவது. "ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர அவன் வேறொன்றும் குடிப்பதில்லையே!" என்று அன்னையார் திகைத்தனர். நோயாளியைக் காணச் சென்ற யாம் இம்முறை வாளா இராமல் முற்றத்திற்குச் சென்று பார்த்தோம். சம்ப்பின் சுவரில் ஒரு முழ நீளத்திற்கு விரிசல் இருந்தது. அதற்கு நான்கடி தூரத்திற் சாக்கடைக் குழி. மழை நாட்களில் அது நிரம்பி வழிவதுண்டென்று கூறினர். அச்சம்ப்பின் நீரை எடுத்துக் குப்பியிற் சோதித்தோம். மறுநாட் காலையில் அது மைபோற் கறுத்திருந்தது. அதன் டி.டி.எஸ். அளவோ 280 மட்டுமே.

பருகும் நீர் கருவியில் வடிந்தது மெய். ஆனால் பல் துலக்கியதும், வாய் கொப்பளித்ததும், குவளையையும் தட்டையும் கழுவியதும், பச்சைக் கொத்தமல்லியை அலசியதும் அந்தச் சம்ப்பு நீரிலேயே. அவ்வீட்டு நீரில் உப்பு என்றும் குறையாயிருந்ததில்லை, கிருமியே குறை. இல்லாத குறைக்கு ரூ. 17,000 செலவாயிற்று. இருந்த குறையை நீக்கச் சிமெந்துப் பூச்சுக்கும் புது மூடிக்கும் கொத்தனார் கூலிக்குமாகப் பின்னர் ஆன செலவு ரூ. 4,000-க்குள்ளேயே அடங்கியது. மாணாக்கன் பிழைத்தெழுந்தான், எனினும் அப்பருவத்துத் தேர்வை எழுதமுடியாமற் போயிற்று. ஆனி மாதத்து மாலையில் யாம் வாய்திறந்து, "அம்மா, முதலில் சம்ப்பைப் பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை கூறியிருப்பின் அவன் தன் தோழரோடு தேர்வெழுதியிருத்தல் கூடும். இக்கட்டுரை அக்கடனைச் சிறிதேனும் தீர்க்கும்பொருட்டு எழுதியது.

மாணாக்கர்களே, நீங்கள் விடுமுறைக்கு இல்லஞ் செல்லும்பொழுது உங்கள் அன்னையாரும் பாட்டியாரும் வடிகட்டியைப் பற்றி உங்களை வினவுவர். கற்ற பிள்ளையென்று உங்கள் சொல்லை நம்புவர். அப்பொழுது எக்கருவியின் பெயரையும் முதலிற் கூறாதீர்கள். சம்ப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு புட்டி நீரைச் சோதனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நீரின் குறையை அறிந்தபின் அதற்குரிய கருவியைக் கூறுங்கள். எவரேனும் இரண்டு குவளைகளோடும் ஒரு மின்கோலோடும் வாயிலில் வந்து நிற்பாராயின், அவருடைய தூய நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுமாறு பணிவோடு கேளுங்கள்.